குழந்தைவேல் என்றே கூப்பிடுவேன்

மோனிஷா ராசிபுரத்தில் தன் அம்மா வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் குமாரபாளையத்துக்குத் திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கே பெயர்ப் பேச்சு எழுந்துவிட்டது. அவளும் கணவன் குமரனும் இனியன் என்று முடிவு செய்திருந்தார்கள். அதைத் தன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று குமரன் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

மதியச் சாப்பாடு முடிந்து, துண்டில் கையைத் துடைத்தபடியே சொன்னார்.

"பையனுக்கு எம்பேரையே வெச்சரலாம். பேரன்னா தாத்தன் பேரைத் தாங்கறவன்னுதான அர்த்தம்."

அவர் பெயர் குழந்தைவேல். லுங்கி உற்பத்தி செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கொட்டகைகளில் அவருடைய விசைத்தறிகள் ஓடின. அந்தப் பெயரை ஊருக்குள் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரிக் கோடு போட்ட லுங்கி நெய்துகொண்டிருந்த காலத்தில் இவர் துணிந்து உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் போட்டு நெய்தார். முதலில் சிரித்தார்கள், பிறகு வாங்கினார்கள். அன்றிலிருந்து அவர் கட்டத்தார். கல்யாணப் பத்திரிகையில்கூட உறைமேல் 'கட்டத்தார் அவர்கள்' என்றுதான் எழுதி வரும்.

குமரன் மனைவியைப் பார்த்தான். மோனிஷா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரிங்க மாமா. கூப்பிடறது எப்படிங்க?"

"அதுக்கென்ன, சாமின்னு கூப்பிடுங்க, தங்கம்னு கூப்பிடுங்க. நீங்க நெனச்சு வெச்ச பேரு ஏதாச்சும் இருந்தா அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கங்க. எம்பேரைச் சொல்லி ஊட்டுக்குள்ள ஆரு கூப்பிடப் போறா?"

"கூப்பிடாத பேரு எதுக்குங்க மாமா?"

சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மோனிஷா குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை.

"உங்க பேரு வெக்கறதுல எனக்குச் சந்தோசம்தானுங்க. ஆனா வெச்சா அதைச் சொல்லித்தான் நான் கூப்பிடுவேன். செல்லப்பேரு, பட்டப்பேரு ஒண்ணும் எங்கிட்டக் கெடையாது. அதுக்குச் சம்மதம்னா கொழந்தவேலு. இல்லீன்னா இனியன்."

குமரன் தரையைப் பார்த்தான். குழந்தைவேல் மருமகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்று மாதப் பிள்ளை அவள் தோளில் கிடந்தது. அதைக் கூப்பிடுவதில் தனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"கூப்பிட்டுக்க சாமி. எனக்கென்ன," என்றார்.

அவர் அப்போது ஒன்றை யோசிக்கவில்லை. அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொன்னதே இல்லை. அவர் மனைவி மாரக்காள் கல்யாணமான நாளிலிருந்து கணவன் பெயரை வாயால் சொன்னதில்லை. வீட்டுக்குள் 'இவிங்க', வெளியில் 'குமரன் அப்பா'. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் குமரனை இடிப்பாள், அவன் சொல்வான். ஒருமுறை குமரன் கூட வராதபோது, "முருகன் பேருதானுங்க, கொழந்தைன்னு ஆரம்பிக்கும்" என்று பூசாரிக்கு விடுகதை போட்டாள். பூசாரி நாலைந்து பெயர் சொல்லிப் பார்த்துத்தான் சரியானதைப் பிடித்தார்.

மோனிஷாவின் பிடிவாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ராசிபுரத்தில் அவளைப் பிறந்ததிலிருந்து எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் மோனிஷா, மோனிஷா என்று கூப்பிட, அது யாரோ என்று இவளும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து திரும்பித் திரும்பித் தேடினாள். டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிட்டார். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்து முடிக்கும்வரை அந்தப் பெயர் அவளுக்குக் கடன் வாங்கின புடவை மாதிரியே இருந்தது. வீட்டு லுங்கிகளையும் துண்டுகளையும் இணையத்தில் விற்கத் தொடங்கியபின்தான், வாங்குகிறவர்கள் போனில் 'மோனிஷா மேடம்' என்று கூப்பிடக் கூப்பிட, பெயர் உடம்போடு ஒட்டியது. தன் மகனுக்கு அவன் பெயர் முதல் நாளிலிருந்தே சொந்தமாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

ஆனால் மற்றவர்கள் ஒரு மாதத்துக்குள் பையனுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். மாரக்காள் சாமி என்றாள். குமரன் பட்டு என்றான். தறிக்காரப் பெண்கள் குட்டிக் கட்டம் என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். மோனிஷா ஒருத்திதான், தாலாட்டும்போதும் மருந்து ஊற்றும்போதும், "கொழந்தவேலு" என்றாள். நகராட்சியிலும் அந்தப் பெயரையே பதிந்தாள்.

பையன் தவழ ஆரம்பித்ததும்தான் அந்தப் பெயருக்கு முழு வேலை வந்தது.

ஒரு நாள் காலை ஈரோட்டிலிருந்து நூல் வியாபாரி வெள்ளியங்கிரி வந்திருந்தார். பல வருஷமாக அந்த வீட்டுக்கு நூல் போடுகிறவர். முன்னறையில் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து நூல் விலை ஏறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேல் வாய் நிறைய வெற்றிலை வைத்திருந்தார். உள்ளேயிருந்து மோனிஷாவின் குரல் வந்தது.

"கொழந்தவேலு! வாயில என்ன வெச்சிருக்கற? துப்பு! துப்புடா!"

குழந்தைவேல் சட்டென எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டார். துப்பியபின்தான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் வெள்ளியங்கிரி நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"பேரனைச் சொல்றாங்க," என்றார் குழந்தைவேல்.

"புரிஞ்சதுங்க, புரிஞ்சதுங்க," என்று சொல்லி வெள்ளியங்கிரி மறுபடி சிரித்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று நடந்தது. "கொழந்தவேலு, எந்திரி, மணி என்ன ஆச்சு?" "கொழந்தவேலு, ஜட்டி எங்கடா?" "இத்தன பெரிய ஆளு, இன்னும் சோத்தைக் கீழ எறைக்கற?" கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் நிமிர்வார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இலையைச் சுற்றிப் பார்ப்பார். தறிக் கொட்டகையில் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு, அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற சாக்கில் சிரித்தார்கள்.

தெருவில் பேச்சு கிளம்பியது. மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் டா போடுகிறாள் என்றார்கள். ராசிபுரத்திலிருந்து மோனிஷாவின் அம்மா போன் செய்து, "ஏங்கண்ணு, எதுக்கு உனக்கு இந்த வீம்பு? ஒரு செல்லப்பேரு வெச்சுக் கூப்பிட்டாத்தான் என்ன?" என்று கேட்டாள்.

"வீம்பு இல்லம்மா. எம்புள்ள பேரு அது. நான் கூப்பிடறேன்," என்றாள் மோனிஷா.

குழந்தைவேல் மகனைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். குமரன் மாடிக்கு வந்து, பார்சல் கட்டிக்கொண்டிருந்த மனைவியின் எதிரில் நின்றான்.

"அப்பா ஒரு மாதிரி சங்கடப்படறாரு. ஆள் வந்திருக்கறப்போ மட்டும் பட்டுன்னு கூப்பிடேன்."

"ஆள் வந்தா ஒரு பேரு, வராட்டி ஒரு பேரா? அவனுக்குக் கொழப்பமாயிராதா? மாமாகிட்டக் கேட்டுத்தான வெச்சோம். அவரே வந்து வேண்டாம்னு சொன்னா யோசிக்கறேன். உங்ககிட்டச் சொல்லி அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

குமரன் இதை அப்பாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. "பாக்கறேன்னு சொன்னாப்பா," என்றான்.

மோனிஷா எதிர்பாராத ஒன்று பங்குனி மாதத்தில் நடந்தது.

வெயில் ஏறியதும் மாரக்காள்தான் பையனைக் கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லருகே உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள். அது அவள் நேரம். மோனிஷா மாடியில் துணி உலர்த்தப் போனவள், கைப்பிடிச் சுவருக்குக் கீழே மாமியாரின் குரல் கேட்டு நின்றாள். மாரக்காள் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. செம்பில் வெந்நீரை மொண்டு, பையன் தலையில் ஊற்றிக்கொண்டே, கோயிலில் மந்திரம் சொல்கிற மாதிரி உதட்டோரமாகச் சொன்னாள்.

"கொழந்தவேலு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். இரண்டாவது செம்பு ஊற்றும்போது குரல் கொஞ்சம் ஏறியது.

"கொழந்தவேலு. ஏ, கொழந்தவேலு."

பையன் தண்ணீரைத் தட்டி விளையாடினான். மோனிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. கீழே போய் மாமியாரைக் கிண்டல் செய்யலாம் என்று நினைத்தாள். அதற்குள் மாரக்காள் சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா கொழந்தவேலு, சக்கரை இருக்குது, லட்டு திங்காதீன்னா கேக்கறயா நீ? கலியாண ஊட்டுக்குப் போனா ரெண்டு எலைக்கு லட்டு வாங்கற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா?"

பையனுக்கு இன்னும் பல் முழுதாக முளைக்கவில்லை. அவன் லட்டைப் பார்த்ததே கிடையாது. மோனிஷா சிரிப்பை நிறுத்தினாள்.

"எங்கண்ணன் மகன் கலியாணத்துக்கு ஏன் வர்ல நீ? தறி ஓடுது தறி ஓடுதுன்னு சொன்ன. அன்னைக்கு என்ன தறி ஓடுச்சு? கரண்டே இல்ல அன்னைக்கு." முதுகைத் தேய்த்தாள். கை நிதானமாகத்தான் தேய்த்தது, குரல்தான் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. "தெக்குக் கொட்டாய்த் தறியெல்லாம் ஆரு ஓட்டுனது? நான் ஓட்டுனேன். தார்க்குச்சியில நூல் சுத்தி, பாவு இழையைப் புணைச்சு, அதுக சத்தம் கொஞ்சம் மாறுனாலும் எந்திரிச்சு வந்து பார்ப்பேன். நான் உங்கக்காளைப் பாக்கச் சங்ககிரி போயிட்டு வந்தா கொட்டாய் காலியாக் கெடக்குது. ஒரு வார்த்த கேட்டயாடா கொழந்தவேலு? ஒரே ஒரு வார்த்த?"

பையன் அவள் முகத்தைப் பார்த்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். மாரக்காள் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"சிரி. நல்லாச் சிரி," என்றாள்.

மோனிஷா சத்தமில்லாமல் மாடிக் கதவுக்குள் வந்துவிட்டாள். ஈரத்துணி அவள் கையிலேயே இருந்தது. அங்கே முன்பு ஓடிய பழைய தறிகளை விற்றது குமரன் காலேஜில் சேர்ந்த வருஷம் என்று அவளுக்குத் தெரியும். விற்றதைக் குமரன் ஒரு வியாபாரச் செய்தியாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தான். இத்தனை வருஷமாக அத்தை அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை.

அன்றிலிருந்து குளிப்பாட்டும் நேரத்தில் மோனிஷா கொல்லைப்பக்கம் போவதில்லை. மாரக்காளின் குரலோ நாளுக்கு நாள் துணிவு பெற்றது. முதலில் கதவைத் திரும்பிப் பார்த்தவள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். குளித்து வந்த பையனுக்குப் பொட்டு வைக்கும்போது அவள் முகம் மோனிஷா இதுவரை பார்க்காத மாதிரி லேசாக இருந்தது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட முன்னெல்லாம் பயந்து பயந்து பரிமாறியவள், இப்போது, "கொறைஞ்சிருந்தா போட்டுக்கங்க, டப்பா அங்கதான் இருக்குது" என்று கணவனிடம் சொன்னாள். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

சித்திரை தொடக்கத்தில் ஒரு நாள், கொல்லைப்பக்கம் மோட்டார் போடப் போன குழந்தைவேல் கதவருகில் நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார், எதையெல்லாம் கேட்டார் என்று தெரியாது. மோட்டார் போடாமலேயே திரும்பி வந்து முன்னறையில் உட்கார்ந்தார். மின்விசிறியைக்கூடப் போடவில்லை. சாயங்காலம் மோனிஷா மாடியிலிருந்து இறங்கி வந்ததும் அவரே கூப்பிட்டார்.

"சாமி, இங்க வா. ஒண்ணு சொல்லோணும்."

அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இனியன்னு சொன்னீங்கல்ல, அதையே வெச்சுக்கலாம். நகராட்சியில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கறாரு. மாத்தி எழுதிக்கலாம். நானே வந்து கையெழுத்துப் போடறேன்."

அவளும் குமரனும் முதலில் ஆசைப்பட்ட பெயர் இப்போது தானாக வந்து நின்றது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த மோனிஷாவுக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஏனுங்க மாமா? நான் டா போட்டுக் கூப்பிடறது வருத்தமா?"

"நீ கூப்பிடறது பழகிப் போச்சு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அத்தை கூப்பிடறதைக் கேட்டேன்," என்றார்.

 முன்னறையில் தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மோனிஷாவுக்கு ஒன்று கேட்கத் தோன்றியது, கேட்டாள்.

"மாமா, உங்களைப் பேரு சொல்லி ஆருங்க கடைசியாக் கூப்பிட்டது?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டார்.

"சங்ககிரியில எங்கக்கா. அவ இருக்கறவரைக்கும் கூப்பிட்டா. 'கொழந்தே, வாடா'ன்னு வாசல்லயே நின்னு கூப்பிடுவா. அவ போனதுக்கப்பறம் ஆரும் இல்ல. பேங்க்ல கூப்பிடுவாங்க. ஆஸ்பத்திரியில கூப்பிடுவாங்க. மத்தபடி கட்டத்தார், மொதலாளி, அப்பா, மாமா. எல்லாம் நாந்தான். இருந்தாலும் எங்கப்பன் வெச்ச பேரு ஒண்ணு இருந்துதே, அது எங்க போச்சுன்னு தோணுச்சு. நான் இருக்கறப்பவே அது இந்த ஊட்டுல காதுல உழுகோணும்னு ஆசைப்பட்டேன். அதுதான் வெச்சேன்." அவர் சிரிக்க முயன்றார். "உழுந்துச்சு. இப்படி உழுகும்னு நெனைக்கல."

"பேரை மாத்திட்டா அத்தை மனசுல இருக்கறது மாறிருமாங்க?"

அவர் கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாத்த வேண்டாங்க மாமா. அவன் இப்பத்தான் அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்கறான். அவனோட பேரை அவங்கிட்ட இருந்து எடுக்க நான் விட மாட்டேன். அத்தை கேக்கறதெல்லாம் அவனுக்குப் பதில் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க போய்ச் சொல்லுங்க."

மருமகள் தன்னிடம் இப்படிப் பேசுவாள் என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மின்விசிறியைப் போட்டார்.

மறுநாள் காலை மாரக்காள் பையனைக் கொல்லைக்குத் தூக்கிப் போனாள். வெந்நீர் விளாவினாள். எண்ணெய் தடவி, கல்லில் உட்கார வைத்தாள். குழந்தைவேல் பின்னாலேயே போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த சிமெண்டுத் தொட்டியின்மேல் உட்கார்ந்தார். மாரக்காளுக்கு முதுகுப்பக்கம். அவர் வந்தது அவளுக்குத் தெரிந்தது. சமையற்கட்டு ஜன்னலில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மோனிஷாவுக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

மாரக்காள் சற்று நேரம் பேசாமல் தண்ணீர் ஊற்றினாள். அவள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பதைப் பார்த்துப் பையன் அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். அவள் தலையை ஒருமுறை உலுக்கிக்கொண்டாள். பிறகு எப்போதும்போல உரக்கவே கேட்டாள்.

"ஏண்டா கொழந்தவேலு, தெக்குக் கொட்டாய்த் தறியை விக்கறதுக்கு முன்னால ஏண்டா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

பையன் தண்ணீரைத் தட்டினான். பின்னாலிருந்து பதில் வந்தது.

"தப்புத்தான். கேட்டிருக்கோணும்."

மாரக்காளின் கையில் செம்பு நின்றது. திரும்பவில்லை. மோனிஷா அடுப்பை அணைத்தாள்.

"கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியுமா?"

"தெரியல. அழுவேன்னு நெனச்சேன். அதுதான் நீ ஊர்ல இல்லாதப்ப வித்தேன்."

"வித்துப் போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள் மாரக்காள். "தேஞ்ச தறிக. மாசத்துல பாதி நாளு ரிப்பேரு. நானே சொல்லலாம்னு இருந்தேன்."

 அவள் அடுத்த செம்பை மொண்டு பையன் தலையில் ஊற்றினாள். அவன் மூச்சு முட்டிச் சிணுங்கினான். அவன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"போறன்னைக்கு ஒருக்காத் தொட்டுப் பாத்திருப்பேன். அவ்வளவுதான்."

 குழந்தைவேல் எழுந்து வந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பையனைச் சுற்றினாள். "தூக்குங்க, கைல எண்ணெயா இருக்குது," என்றாள். அவர் தூக்கிக்கொண்டார். பேரனைக் குளித்த ஈரத்தோடு அவர் தூக்கியது அதுதான் முதல் தடவை. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

மோனிஷா அதற்குப் பிறகு ஒரு நாள் மாமியாரிடம் விளையாட்டாகக் கேட்டாள். "அத்தை, இனி நீங்க மாமாவையே பேரு சொல்லிக் கூப்பிடலாமே?"

"அட போ சாமி," என்று வெட்கப்பட்டாள் மாரக்காள். "நேருக்கு நேரு எனக்கு வாயில வராது. வரவும் வேண்டாம். இவனைக் கூப்பிட்டாலே அவரும் திரும்பிப் பாக்கறாரு. அது போதும்."

ஆனால் கோயிலுக்குப் போனால் இப்போது குமரனை இடிப்பதில்லை. "கொழந்தவேலுன்னு ரெண்டு தடவ சொல்லுங்க, ரெண்டு பேரு இருக்கறாங்க," என்று பூசாரியிடம் அவளே சொல்கிறாள். தெருப்பேச்சும் அடங்கிவிட்டது. மாமியாரே கூப்பிடுகிற பெயரை மருமகள் கூப்பிடுவதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

ஆடி மாதத்தில் வெள்ளியங்கிரி மறுபடி வந்தார். இந்த முறை நூலோடு ஒரு செய்தியும் கொண்டு வந்திருந்தார். சங்ககிரி ரோட்டில் ஒருவர் தொழிலை மாற்றிக்கொண்டு கோவைக்குப் போகிறார், அவரிடம் அதிகம் ஓடாத புதுமாடல் தறிகள் மூன்று இருக்கின்றன, கட்டத்தார் சரி என்றால் வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றார். மோனிஷா காபி கொண்டுவந்து வைத்தாள். பையன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பழகிக்கொண்டிருந்தான்.

குழந்தைவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தறியின் அகலம் கேட்டார், எந்த வருஷத்தது என்று கேட்டார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"மாரக்காளைக் கேக்கோணுங்க."

வெள்ளியங்கிரி தம்ளரைக் கீழே வைத்தார்.

"அது ஆருங்க? பார்ட்னர் சேத்திருக்கறீங்களா?"

பல வருஷமாக அந்த வீட்டில் காபி குடித்தவர் அவர். விருந்து சாப்பிட்டவர். அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறார். மோனிஷா மாமனாரைப் பார்த்தாள். அவருக்கும் அது அப்போதுதான் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"எங்க ஊட்டுலதானுங்க," என்றார் குழந்தைவேல். "அவ பேரு மாரக்காள். தெக்குக் கொட்டாயில தறி ஓட்டுனவ. என்னைய விடத் தறி தெரியும்." சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். குரல் முதலில் சரியாக எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "மாரக்கா! இங்க கொஞ்சம் வா. தறி விஷயமாப் பேசோணும்."

 சமையற்கட்டிலிருந்து மாரக்காள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரையும் பார்க்காமல், நின்றுகொண்டிருந்த பேரனை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குமரன் வழக்கமாக உட்காரும் நாற்காலியை மோனிஷா முன்னால் இழுத்துப் போட்டாள். மாரக்காள் ஒரு நொடி தயங்கிவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

"மூணுந்தானுங்களா? ஓடறப்பப் பாத்தீங்களா, நிக்கறப்பப் பாத்தீங்களா?" என்று வெள்ளியங்கிரியைக் கேட்டாள்.

"நிக்கறப்பத்தானுங்க பாத்தேன்."

"அப்பப் பேச வேண்டாம். நாளைக்குக் காலைல நானும் இவிங்களும் வாரோம். ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சத்தம் கேட்டுட்டுச் சொல்றேன்."

வெள்ளியங்கிரி குழந்தைவேலைப் பார்த்தார். அவர் காபியைக் குடித்து முடிப்பதில் கவனமாக இருந்தார். வெள்ளியங்கிரி தன் போனை எடுத்து, சங்ககிரிக்காரரைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல மாரக்காளம்மா வராங்க. தறியை ஓட்டி வைங்க," என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்து வந்தார்கள். இரண்டு தறிகளை மாரக்காள் சரி என்றாள். மூன்றாவது வேண்டாம் என்றாள்.